நேற்று ராத்திரி பனி உறைந்ததா? வசந்தகாலப் பனிச்சரிவு குறித்து ஓர் எளிய விளக்கம்

ஹோலி முடிந்த கையோடு டெல்லியில் மின்விசிறி சுற்றத் தொடங்கிவிடும். கரோல் பாகிலும் ஆர்.கே.புரத்திலும் மயூர் விஹாரிலும் ரஜாய் என்னும் பஞ்சுப் போர்வைகளை வெயிலில் காயவைத்துப் பெட்டிக்குள் போடுவார்கள். அந்த நாட்களில்தான் நம்மவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் மலைப் பேச்சு சூடுபிடிக்கும். கஷ்மீரி கேட்டில் சாயங்காலம் பஸ் ஏறினால் காலையில் மணாலி. ராத்திரி ரயிலைப் பிடித்தால் விடியலில் டேராடூன், அங்கிருந்து ஜீப்பில் சாங்க்ரி. பேச்சினூடே யாராவது ஒருவர் தவறாமல் சொல்வார்: "குளிர்காலம்தான் முடிஞ்சுபோச்சே, நல்லா வெயில் அடிக்குது, இனிமே அவலாஞ்ச் பயம் இல்லை."

இந்த நம்பிக்கை உயிரை வாங்கக்கூடியது. 2023 ஏப்ரல் 4 அன்று சிக்கிமில், காங்டாக்கிலிருந்து நாதுலா செல்லும் சாலையில் பட்டப்பகலில் பனி சரிந்து 7 சுற்றுலாப் பயணிகள் இறந்தார்கள். 2021 ஏப்ரல் 23 அன்று உத்தராகண்டின் நீதிப் பள்ளத்தாக்கில், சும்னா அருகே இருந்த சாலைப் பணியாளர் முகாமின்மீது பனி சரிந்தது. இரண்டும் ஏப்ரல் மாதம், டெல்லியில் கூலருக்குப் புல் மாற்றும் மாதம்.

வெயில் வந்தால் ஆபத்து போய்விடுவதில்லை. அது வேறு வகையாக, வேறு நேரத்தில் வருகிறது. அதைப் புரிந்துகொள்ளப் பெரிய இயற்பியல் தேவையில்லை. சமையலறையும் மெட்ரோ நிலையமும் சீவிய ஐஸில் சர்பத் சேர்த்து விற்கும் இந்தியா கேட் சுஸ்கி வண்டியும் போதும்.

முதலில் ஒரு சொல் குழப்பம்

தமிழில் "பனி" என்ற ஒரே சொல் பல வேலை செய்கிறது. மார்கழி விடியலில் புல்லில் நிற்பதும் பனி, ஊட்டியில் தரையை வெளுக்கவைக்கும் உறைபனியும் பனி, இமயத்தில் பஞ்சுபோல விழுவதும் பனி, நூற்றாண்டுகளாக இறுகிக் கிடக்கும் பனியாறும் பனி. அதனால் மலையில் எது இடிந்தாலும் செய்தியில் "பனிச்சரிவு" என்றோ "பனிப்பாறை வெடிப்பு" என்றோ ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறார்கள்.

2021 பிப்ரவரி 7 அன்று சமோலியில் நடந்தது, ரோன்டி மலையிலிருந்து பாறையும் பனிக்கட்டியும் சேர்ந்து பெயர்ந்து விழுந்த சம்பவம். 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் சோனம் முகாமை மூடி, மெட்ராஸ் ரெஜிமென்ட்டைச் சேர்ந்த 10 வீரர்களைப் பலிகொண்டதும் ஒரு பெரும் பனிக்கட்டிச் சுவரின் சரிவு. அவர்களில் 4 பேர் தமிழகத்துக்காரர்கள் என்பதால் அந்தச் செய்தி நம் வீடுகளில் இன்னும் மறக்கப்படவில்லை. ஆனால் மார்ச், ஏப்ரல், மே மாதங்களில் நடைபயணம் போகிறவர் சந்திக்கும் ஆபத்து இந்த இரண்டும் அல்ல. அந்த ஆண்டின் குளிர்காலத்தில் விழுந்து, சரிவில் தங்கி, இன்னும் உருகி முடியாத பனிதான் அவர் கவலைப்பட வேண்டியது. அப்படித் தங்கியிருக்கும் மொத்தப் பனியையும் இனி பனிப்படிவு என்போம்.

ஹாட் பாக்ஸில் சப்பாத்தி அடுக்கு

பனிப்படிவு ஒரே கட்டியாக இருப்பதில்லை. நவம்பரில் ஒரு முறை, டிசம்பர் கடைசியில் ஒரு முறை, ஜனவரியில் மூன்று முறை என்று பனி விழ விழ, ஒவ்வொன்றும் ஓர் அடுக்காக முந்தையதன்மீது படுக்கிறது. ஹாட் பாக்ஸில் அடுக்கிய சப்பாத்திகளை நினைத்துக்கொள்ளுங்கள். நெய் தடவியவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடக்கும். நடுவில் ஒன்றின்மேல் மட்டும் உலர்ந்த மாவு நிறைய ஒட்டியிருந்தால், பாத்திரத்தைச் சாய்த்ததும் அதற்கு மேலிருக்கும் அத்தனையும் கூட்டமாக வழுக்கி வரும். மேலே எத்தனை சப்பாத்தி இருந்தாலும் பிடிப்பைத் தீர்மானிப்பது அந்த மாவுப் பூச்சுதான்.

பனியில் அந்த மாவுப் பூச்சின் பெயர் வலுவற்ற அடுக்கு. அது உருவாகும் விதத்தை இட்லிப் பானையில் பார்க்கலாம். அடியிலிருந்து நீராவி எழும்பி, மூடியில் பட்டுத் துளியாகப் படிகிறது. மலையிலும் தரை ஏறக்குறைய 0 டிகிரியில் இருக்க, மேற்பரப்பு கடுங்குளிரில் கிடக்கும். இந்த வித்தியாசத்தால் பனிக்குள்ளே நீராவி அடியிலிருந்து மேலே நகர்கிறது. நகரும்போது பனிமணிகளின் உருவத்தை மாற்றிவிடுகிறது. உருண்டையாக ஒட்டிக்கொண்டிருந்தவை முனைமுனையாக, அஸ்கா சர்க்கரைபோல, கையில் எடுத்தால் கொட்டிப்போகும் மணிகளாகின்றன. 10 செ.மீ. ஆழத்துக்கு 1 டிகிரிக்கு மேல் வெப்பநிலை மாறினால் இது நடக்கும். 60 செ.மீ. பனிதான் இருக்கிறது, மேற்பரப்பு மைனஸ் 12 டிகிரி என்றால் கணக்கு 10 செ.மீ.க்கு 2 டிகிரி. குளிர்காலத் தொடக்கத்தில் பனி குறைவாக விழுந்த ஆண்டுகளில் அடியில் இந்தச் சர்க்கரை நிறையச் சேர்வதற்குக் காரணம் இதுதான். "இந்த வருஷம் பனியே கம்மி, அதனால ஆபத்தும் கம்மி" என்று கணக்குப் போட முடியாததும் இதனால்தான்.

குளிர் மிதமாக இருந்தால் எதிர்மாறாக நடக்கும். ஃப்ரீசரில் டப்பாவில் போட்டுவைத்த ஐஸ் கட்டிகள் உருகாமலே மறுநாள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடப்பதுபோல, பனிமணிகளும் தொட்ட இடத்தில் ஒட்டி இறுகுகின்றன. இப்படி இறுகிய அடுக்கு வலுவற்ற அடுக்கின்மேல் உட்கார்ந்தால் அது ஒரு பலகை. ஓரிடத்தில் நம் கால் அழுத்தி அடியில் உள்ள சர்க்கரை நொறுங்கினால், அந்த நொறுங்கல் கண்ணிமைக்கும் நேரத்தில் பக்கவாட்டில் பரவும். தலைக்கு மேலே ஒரு விரிசல் ஓடும். நாம் நிற்கும் தளமே உடைந்து கிளம்பும். இதுதான் பலகைச் சரிவு. மலையேறுபவர்களை அதிகம் கொல்வது இந்த வகை. அப்படி இறந்தவர்களில் பெரும்பாலோரின் விஷயத்தில் சரிவைக் கிளப்பியது அவர்களுடைய எடையோ அவர்கள் குழுவில் ஒருவருடைய எடையோதான். நடக்கும்போது காலுக்கடியில் "வ்வும்ப்" என்று அமுங்கும் சத்தம் கேட்டால், வலுவற்ற அடுக்கு நொறுங்கிவிட்டது என்று பொருள். சரிவு செங்குத்தாக இல்லாததால் மட்டுமே அப்போது தப்பித்திருப்பீர்கள். உடனே வந்த வழியே திரும்ப வேண்டும்.

இதுவரை பார்த்ததன் சாரம் இவ்வளவுதான்: பனிப்படிவு அடுக்குகளால் ஆனது, நடுவில் வழுக்கும் ஓர் அடுக்கு இருந்தால் மேலிருப்பது பலகையாகக் கிளம்பும்.

எஸ்கலேட்டரைவிடச் செங்குத்தா?

மாவுப் பூச்சு இருந்தாலும் பாத்திரத்தைச் சாய்த்தால்தானே சப்பாத்தி வழுக்கும்? எவ்வளவு சாய்க்க வேண்டும் என்பதற்கு ஓர் எண் உண்டு. பலகைச் சரிவுகளில் பெரும்பாலானவை 30 முதல் 45 டிகிரிவரை சாய்வுள்ள இடத்தில் கிளம்புகின்றன, 38 டிகிரியை ஒட்டி மிக அதிகமாக. அதைவிடச் செங்குத்தான இடத்தில் பனி நிறையச் சேராமல் அவ்வப்போது உதிர்ந்துவிடும்.

மெட்ரோ நிலையங்களில் பார்க்கும் எஸ்கலேட்டர்கள் பெரும்பாலும் 30 டிகிரியில் அமைக்கப்படுபவை. ராஜீவ் சௌக்கில் அடுத்த முறை இறங்கும்போது பக்கவாட்டில் நின்று அந்தச் சாய்வைக் கண்ணில் பதித்துக்கொள்ளுங்கள். மலையில் ஒரு சரிவு அந்த அளவோ, அதைவிடச் செங்குத்தாகவோ தெரிந்தால் அது சரியக்கூடிய இடம்.

கண்ணளவு போதாது என்றால் நடைக்கோலைச் சரிவில் படுக்கவைத்து, அதன்மேல் மொபைலை வைத்து, சாய்வு காட்டும் செயலியில் பாருங்கள். மொபைல் அணைந்துபோனால் 120 செ.மீ. நீளமுள்ள இரண்டு கோல்கள் போதும். ஒன்றை நேராக நிறுத்தி, மற்றதன் நுனி மேற்புறச் சரிவைத் தொடும்படி கிடைமட்டமாகப் பிடியுங்கள். அதன் மறுமுனை நின்ற கோலை 69 செ.மீ. உயரத்தில் சந்தித்தால் சாய்வு 30 டிகிரி. அதற்கு மேலே சந்தித்தால் இன்னும் செங்குத்து. டெல்லியிலேயே கோலில் 69 செ.மீ. அளந்து ஒரு நாடா ஒட்டிக்கொண்டு போகலாம்.

பலர் கோட்டைவிடுவது வேறோர் இடத்தில். நாம் நிற்பது சமதளமாக இருக்கலாம், ஆனால் தலைக்கு மேலே இருப்பது எஸ்கலேட்டரைவிடச் செங்குத்தாக இருந்தால் சரிவு அங்கே கிளம்பி இங்கே வந்து நிற்கும். அடிவாரத்திலிருந்து பார்க்கும்போது, பனி கிளம்பக்கூடிய உச்சி 25 டிகிரிக்கு மேல் உயர்ந்து தெரிந்தால் நீங்கள் அதன் பாதையில் இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள். நாதுலா சாலையில் இறந்தவர்கள் மலையேறப் போனவர்கள் அல்ல. 2025 பிப்ரவரி 28 அன்று பத்ரிநாத்தை அடுத்த மானாவில் சிக்கிய 54 தொழிலாளர்களும் தங்கள் முகாமில்தான் இருந்தார்கள். அவர்களில் 8 பேர் இறந்தார்கள். 2020இல் மணாலிக்கு அருகே அடல் சுரங்கப்பாதை திறந்தபின் லாஹௌல் பக்கம் கார்களில் போய்ச் சாலையோரப் பனியில் விளையாடுவது சகஜமாகிவிட்டது. வண்டியை நிறுத்துமுன் மேலே பார்ப்பது அந்தக் குடும்பங்களுக்கும் பொருந்தும்.

சுஸ்கியும் சர்பத்தும்

இனி வசந்தகாலத்துக்கு வருவோம். இங்கே கதையின் நாயகன் தண்ணீர்.

இந்தியா கேட் ஓரம் சுஸ்கிக்காரர் ஐஸைச் சீவி, குச்சியில் வைத்துக் கையால் அமுக்கி, காலா கட்டா சர்பத்தில் ஒரு முறை முக்கித் தருவார். அந்த முதல் முக்கில் ஐஸ் இன்னும் கெட்டியாகிறது. இன்னும் இரண்டு முறை முக்கச் சொல்லி, பேசிக்கொண்டே வெயிலில் நின்றால் மொத்த ஐஸும் குச்சியை விட்டு வழுக்கித் தரையில் விழும்.

பனியிலும் இதே கதைதான். கொஞ்சம் ஈரம் இருந்தால் மணிகளுக்கு நடுவே நீர்ப்படலம் பசைபோல இழுத்துப் பிடிக்கிறது. மெரினாவில் ஈர மணலில் வீடு கட்ட முடிவதும் உலர்ந்த மணலில் முடியாததும் அதனால்தான். தண்ணீர் கூடக் கூட, மணியையும் மணியையும் இணைக்கும் மெல்லிய கழுத்துகள் முதலில் உருகுகின்றன. இடைவெளிகள் நீரால் நிரம்பிப் பசையும் போய்விடுகிறது. கன அளவில் 3 சதவீதத்துக்குக் குறைவாகத் தண்ணீர் இருந்தால் பனி வெறும் ஈரம்தான். கையுறையால் உருண்டை பிடிக்கலாம், தண்ணீர் தெரியாது. 8 சதவீதத்தைத் தாண்டினால் மிதமாகப் பிழிந்தாலே நீர் வழியும். 15 சதவீதத்துக்கு மேல் அது கூழ். செங்குத்தான சரிவில் கையில் எடுத்த பனியைப் பிழிந்ததும் தண்ணீர் சொட்டினால், அந்தச் சரிவில் உங்களுக்கு வேலை இல்லை.

வெயில் அடித்தவுடனே இது நடந்துவிடாததற்குக் காரணம் உண்டு. புதுப் பனி தன்மேல் விழும் ஒளியில் 80 முதல் 90 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். பழைய, ஈரமான பனி 50, 60 சதவீதத்தைத்தான் திருப்பும். ஏப்ரல், மே மாதங்களில் டெல்லியை மூடும் தூசி இமயச் சரிவுகளிலும் போய்ப் படிகிறது. அழுக்கான பனி இன்னும் அதிக வெயிலைக் குடிக்கிறது.

அடுத்து, உருகுவதற்கே நிறைய வெப்பம் வேண்டும். 0 டிகிரியில் உள்ள ஒரு கிலோ பனியை 0 டிகிரித் தண்ணீராக மாற்ற 334 கிலோஜூல் தேவை. அதே தண்ணீரை 80 டிகிரிவரை சூடாக்க ஏறக்குறைய அவ்வளவுதான் செலவாகும். அதனால் வெப்பமானி நாள் முழுக்க 0 டிகிரியிலேயே நிற்கும், உள்ளே மட்டும் தண்ணீர் சேர்ந்துகொண்டே போகும். அடுப்பில் வைத்த பால் கடைசி நிமிடம்வரை அமைதியாகத் தெரிவதுபோல வெளியே எதுவும் தெரியாது. மேலிருந்து அடிவரை பனிப்படிவு முழுவதும் 0 டிகிரியை எட்டிவிட்ட நிலையைச் சமவெப்பநிலை என்கிறார்கள். அதன்பின் மேலே உருகும் தண்ணீர் வழியில் உறையாமல் நேரே அடிக்கு இறங்கும். அடியில் டிசம்பரில் உருவான சர்க்கரை அடுக்கு காத்திருந்தால், அந்தத் தண்ணீர் அதை முதன்முதலாக எட்டும் நாள்தான் பருவத்திலேயே மிக மோசமான நாள். குளிர்காலம் முழுக்க அசையாமல் கிடந்த சரிவுகள் அப்போது அடியோடு கிளம்புகின்றன.

சுருக்கமாகச் சொன்னால், கொஞ்சம் ஈரம் பனியைப் பிடித்துவைக்கும், நிறைய ஈரம் அதை விட்டுவிடும்.

ராத்திரிதான் மருந்து

பகலில் தளர்ந்த பனியை மறுபடி இறுக்குவது இரவு. மேற்பரப்பு உறைந்தால் தளர்ந்த மணிகள் எல்லாம் ஒரே ஓடாகக் கெட்டிப்படும், விடியற்காலையில் அதன்மேல் பத்திரமாக நடக்கலாம். பகலில் உருகி இரவில் உறைவது பல நாள் தொடர்ந்தால் மணிகள் பெரிதாகி, தண்ணீர் இறங்க வழிகளும் உண்டாகி, பனிப்படிவு நம்பகமானதாக மாறும். வசந்தத்தின் கடைசி வாரங்கள் காலை நேரத்தில் அருமையாக இருப்பது இதனால்தான்.

எந்த இரவில் உறையும்? டெல்லிக் குளிர்காலத்தில் திறந்தவெளியில் நிறுத்திய காரின் கண்ணாடி முழுக்கப் பனி பூத்திருக்கும், போர்ட்டிகோவுக்குள் நிறுத்திய காரில் ஒன்றும் இருக்காது. திறந்த வானம் பொருளின் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது, கூரை அதைத் தடுக்கிறது. மலையில் மேகம்தான் கூரை. வானம் தெளிந்திருந்தால் காற்று 2, 3 டிகிரி இருந்தாலும் பனியின் மேற்பரப்பு உறையக்கூடும். மேகம் மூடிய இரவில் அதே வெப்பநிலையில் உறையாது. நட்சத்திரம் தெரிந்ததா என்ற கேள்விக்கு வெப்பமானிக்கு உள்ள அதே மதிப்பு உண்டு.

ஒரு தோராயக் கணக்கும் உதவும். உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பம் சுமார் 6.5 டிகிரி குறைகிறது. மணாலி ஏறக்குறைய 2,050 மீட்டரில் இருக்கிறது. அங்கே இரவுக் குறைந்தபட்சம் 6 டிகிரி என்றால் 0 டிகிரிக் கோடு சுமார் 3,000 மீட்டரில். அதுவே 12 டிகிரி என்றால் கோடு 3,900 மீட்டருக்குப் போய்விடும். 3,800 மீட்டர் உயரமுள்ள கேதார்காண்டா போன்ற உச்சிகூட அந்தக் கோட்டுக்குக் கீழேதான். குளிர்ந்த காற்று இரவில் பள்ளத்தாக்கில் இறங்கித் தேங்குவதால், மேலே சரிவு இந்தக் கணக்கைவிட வெப்பமாக இருக்கலாம். ஆகவே எல்லைக்கோட்டில் வரும் எண்ணை நம்ப வேண்டாம்.

உறைந்ததா என்பதைக் காலே சொல்லும். ஓடு உங்கள் முழு எடையையும் தாங்கினால் நன்றாக உறைந்திருக்கிறது. அப்பளம்போல 2 செ.மீ. ஓடு உடைந்து கீழே கூழில் கால் இறங்கினால் அது உறைந்த கணக்கில் சேராது. இரண்டு, மூன்று இரவுகள் தொடர்ந்து உறையாமல் போனால் செங்குத்துச் சரிவுகளையும் அவற்றின் அடிவாரத்தையும் முழுக்கத் தவிர்க்க வேண்டும்.

டெல்லியில் மழை பெய்தால்

மார்ச், ஏப்ரலில் டெல்லியில் திடீரென்று இடி இடித்து மழை பெய்து, இரண்டு நாள் இதமாக இருக்கும். அனைவரும் மகிழ்ச்சியாகப் பக்கோடா போடுவார்கள். அதைக் கொண்டுவருவது பெரும்பாலும் மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும் மேற்கத்திய இடையூறு என்ற வானிலை அமைப்பு. வெஸ்டர்ன் டிஸ்டர்பன்ஸ் என்று டெல்லிச் செய்திகளில் தினமும் கேட்பது இதைத்தான். அதே அமைப்பு மலைக்குப் போய் உயரத்தில் புதுப் பனியாகவும், கீழே மழையாகவும் கொட்டுகிறது.

24 மணி நேரத்தில் 30 செ.மீ. புதுப் பனி விழுந்தாலே எச்சரிக்கை மணி அடித்ததாகக் கொள்ளலாம். காற்றும் அடித்தால் முகட்டின் மறுபக்கச் சரிவில் பனி பல மடங்கு வேகமாகக் குவியும். மழை இன்னும் மோசம். அது எடையும் கூட்டும், பசையையும் உடனே கரைக்கும். மழை பெய்துகொண்டிருக்கும்போதே சரிவுகள் கிளம்பும். சும்னாவில் சரிவதற்கு முன்னும் பல நாள் மழையும் பனியுமாகத்தான் இருந்தது.

பிறகு வானம் வெளுக்கும். பளிச்சென்ற அந்த முதல் வெயில் நாளில்தான் எல்லாரும் கேமராவோடு கிளம்புவார்கள். ஆபத்து உச்சத்தில் இருக்கும் நாளும் அதுதான். நேற்று விழுந்த பனி இன்னும் பிடிக்கவில்லை, அதன்மேல் ஏப்ரல் வெயில். டெல்லியில் மழை பெய்திருந்தால், மலையில் பனி நின்றபின் குறைந்தது 24 மணி நேரம், முடிந்தால் 48 மணி நேரம் கழித்துச் செங்குத்துச் சரிவுக்குப் போகும்படி திட்டத்தைத் தள்ளிவையுங்கள். லீவு போய்விடும் என்ற தவிப்பு நியாயமானதுதான், ஆனால் பனிக்கு நம் லீவுக் கணக்கு தெரியாது.

வசந்தத்தில் சரிவது எது, எப்படி

முதல் வகை ஈரத் தளர்பனிச் சரிவு. பாறை ஓரத்தில் ஒரு புள்ளியில் தொடங்கி, கீழே வர வர விசிறிபோல விரியும். மெதுவாகத் தெரிந்தாலும் ஈரப்பனி ஒரு கன மீட்டர் 300 முதல் 500 கிலோ எடை இருக்கும். ஆளைத் தள்ளிப் பள்ளத்திலோ பாறையிலோ சேர்த்துவிடும். இது முன்னறிவிப்பு தரும் வகை: சரிவில் சிறு பனி உருண்டைகள் தாமாக உருளத் தொடங்கும், மரத்திலிருந்தும் பாறையிலிருந்தும் பனி சொத்தென்று விழும்.

இரண்டாவது ஈரப் பலகைச் சரிவு. மேலே சொன்னதுபோல, தண்ணீர் அடி அடுக்கை எட்டும்போது கிளம்புவது. பெரியது, நேரம் கணிக்க முடியாதது, மாலைவரைகூடக் காத்திருந்து கிளம்பும்.

மூன்றாவதை உத்தராகண்ட் போகிறவர்கள் குறிப்பாகத் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே புக்யால் எனப்படும் புல்வெளிகள் பனிக்கடியில் வழுவழுப்பாகப் படுத்திருக்கும். அடிக்கு இறங்கிய தண்ணீர் புல்லை எண்ணெய்போல ஆக்க, முழுப் பனிப்படிவும் தரையிலிருந்தே நகரத் தொடங்கும். மேலே வாய் பிளந்ததுபோல விரிசல் தெரியும், அதில் பழுப்பு நிறப் புல்லும் தெரியும். அந்த விரிசலுக்குக் கீழே உள்ள பனி இன்றைக்கே விழலாம், பத்து நாள் கழித்தும் விழலாம். அதன் கீழே கூடாரம் போடக் கூடாது, நின்று படம் எடுக்கவும் கூடாது.

நான்காவது கார்னிஸ், அதாவது முகட்டின் விளிம்பில் காற்று கட்டிய பனி விதானம். மேலிருந்து பார்த்தால் கெட்டியான தரைபோலத் தோன்றும், அடியில் வெறும் காற்று. வெயிலில் தளர்ந்து உடையும்போது நாம் நினைத்த இடத்துக்கும் உள்ளே தள்ளி உடைகிறது. உச்சியில் செல்ஃபிக்காக விளிம்புக்குப் போவது எவ்வளவு ஆபத்து என்று இதிலிருந்தே தெரியும்.

மே, ஜூனில் ஓடைகளின்மேல் நிற்கும் பனிப்பாலங்களும் இதே தண்ணீரால் அடியில் அரிக்கப்படுகின்றன. காலையில் தாங்கிய பாலம் மதியம் தாங்கும் என்று நம்ப முடியாது.

கடிகாரம் பார்த்து நடப்பது

கிழக்குச் சரிவில் வெயில் முதலில் விழும், 8, 9 மணிக்கே தளரத் தொடங்கும். தெற்குச் சரிவு முற்பகலில், மேற்கு பிற்பகலில். வடக்குச் சரிவுகள் ஏப்ரலிலும் குளிர்காலத்திலேயே இருக்கும். அங்கே பழைய சர்க்கரை அடுக்குகள் ஆறாமல் கிடப்பதால், நேரம் பார்த்து மட்டும் அவற்றைக் கடந்துவிட முடியாது.

உச்சிக்கு அதிகாலை 2, 3 மணிக்குக் கிளப்புகிறார்களே என்று சலித்துக்கொள்ள வேண்டாம். சூரியோதயம் பார்க்கக் கிடைப்பது ஒரு கூடுதல் லாபம், உறைந்த பனியில் ஏறி அது தளருமுன் இறங்குவதுதான் அதன் உண்மையான பயன். கிழக்கு பார்த்த செங்குத்துச் சரிவுகளை 9 மணிக்குள்ளும், மற்ற செங்குத்துச் சரிவுகளை 10, 11 மணிக்குள்ளும் விட்டு வெளியேறும்படி திட்டமிடுங்கள். கடிகாரத்தைவிடக் கால் சொல்வதே கடைசித் தீர்ப்பு: பூட்ஸ் கணுக்கால்வரை புதைந்தால் திரும்ப வேண்டிய நேரம், முழங்காலை நெருங்கினால் ஏற்கெனவே தாமதம். தவிர்க்க முடியாத சரிவை ஒருவர் பின் ஒருவராக, ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் கடக்க வேண்டும், மற்றவர்கள் பத்திரமான இடத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

கத்தினால் பனி சரியும் என்பது சினிமா நம்பிக்கை. குரலின் அழுத்தம் அதற்குப் போதவே போதாது. ஆபத்தான நேரத்தில் தயங்காமல் கத்துங்கள். காலடித் தடம் இருக்கிறது, அதனால் பத்திரம் என்பதும் அப்படித்தான். அந்தத் தடம் காலை 5 மணிக்கு உறைந்த ஓட்டில் பதிந்திருக்கும், நீங்கள் நிற்பது மதியம் 1 மணிக் கூழில்.

புதைந்துவிட்டால்

இங்கே நேரம்தான் எல்லாம். முழுக்கப் புதைந்தவரை 10 நிமிடத்துக்குள் எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணி தாண்டினால் பத்தில் மூன்று பேர்தான் மிஞ்சுகிறார்கள். எந்த மீட்புப் படையும் அதற்குள் வந்து சேர முடியாது, கூட இருப்பவர்கள்தான் மீட்புப் படை. நின்றபின் பனி சிமெண்ட்போல இறுகிவிடுவதால் கையால் தோண்ட இயலாது. அதனால்தான் 457 கிலோஹெர்ட்ஸில் இயங்கும் டிரான்ஸீவர், 240 செ.மீ.க்குக் குறையாத மடக்குக் கம்பி, உலோக மண்வாரி மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். டிரான்ஸீவர் என்பது சிக்னல் அனுப்பவும் தேடவும் உதவும் சிறு கருவி. மூன்றில் ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டும் வீண்போகும். பயிற்சி இல்லாமல் கையில் வைத்திருப்பதும் அதே கதிதான்.

மாட்டிக்கொண்டவர் கோல்களை உதறிவிட்டுப் பக்கவாட்டில் வெளியேறப் போராட வேண்டும். வேகம் குறையும்போது இரண்டு கைகளையும் முகத்துக்கு முன்னே கொண்டுவந்து மூச்சுக்கு இடம் பிடிக்க வேண்டும். பார்த்துக்கொண்டிருப்பவர்கள் அவர் கடைசியாகத் தென்பட்ட இடத்தைக் கண்ணைவிட்டு எடுக்கக் கூடாது, தேடுதல் அங்கிருந்து கீழ்நோக்கித்தான் தொடங்கும்.

பணம் கட்டுமுன், கிளம்புமுன்

பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் கீழ் சண்டிகரில் டி.ஜி.ஆர்.இ. என்ற பனி, நிலப்பரப்பு ஆய்வு அமைப்பு இயங்குகிறது. மணாலியில் 1969இல் தொடங்கிய பனி ஆய்வு அமைப்பையும் டெல்லியில் இருந்த நிலப்பரப்பு ஆய்வகத்தையும் இணைத்து 2020இல் உருவானது. பனிச்சரிவு எச்சரிக்கைகள் அங்கிருந்துதான் வருகின்றன. "2,500 மீட்டருக்கு மேல் நடுத்தர ஆபத்து" என்பதுபோல உயரத்தோடு சேர்த்து வருவதால், உங்கள் பாதை எந்த உயரத்தில் போகிறது என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். நடுத்தரம் என்ற சொல் "பரவாயில்லை" என்று காதில் விழும். மனிதர் காலடியில் சரிவு கிளம்பக்கூடும் என்பதுதான் அதன் நடைமுறைப் பொருள். லோதி ரோடு வானிலை மையத்தின் முன்னறிவிப்பில் பகல் வெப்பத்தைவிட இரவுக் குறைந்தபட்சத்தையும் மேகத்தையும் பாருங்கள்.

பயணம் நடத்துபவரிடம் கேட்க வேண்டியவை: பாதையில் 30 டிகிரிக்கு மேற்பட்ட சரிவு எங்கெங்கே வருகிறது, அதை எத்தனை மணிக்குக் கடப்போம், எந்தச் சூழ்நிலையில் திரும்புவீர்கள், டிரான்ஸீவர் எத்தனை பேருக்கு உண்டு, முகாமுக்கு மேலே என்ன இருக்கிறது. மூன்றாவது கேள்விக்குத் தெளிவான பதில் இல்லாதவரோடு ஏப்ரலில் பனிக்குப் போக வேண்டாம்.

முகாமில் விடியுமுன் டீ வாங்கும்போது உள்ளூர் வழிகாட்டியிடம் கேட்க ஒரே ஒரு இந்தி வாக்கியம் போதும்: "பையா, ராத் கோ பரஃப் ஜமீ தீ?" (அண்ணே, ராத்திரி பனி உறைந்ததா?) அவர் பதில் சொல்லுமுன் காலால் தரையை ஒரு மிதி மிதித்துப் பார்ப்பார். நீங்களும் மிதித்துப் பாருங்கள்.